ஒரு ஆளுக்கு ஈடாக இன்னொரு ஆள்

பேஸ்பாலில் ஆட்டம் நடக்கும் மாதங்களைவிட ஆட்டமில்லாத மாதங்களில்தான் பேச்சு அதிகம். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வேர்ல்ட் சீரிஸ் முடிந்துவிடும். பிப்ரவரி நடுவில் வீரர்கள் பயிற்சி முகாமுக்குப் போகும்வரை மைதானங்கள் பூட்டிக் கிடக்கும். இந்த இடைக்காலத்துப் பேச்சுக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹாட் ஸ்டவ் லீக்'. அந்தக் காலத்தில் குளிருக்கு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, எந்த அணி யாரைத் தள்ளிவிடும், யாரைப் பிடிக்கும் என்று அளந்துகொண்டிருந்ததால் வந்த பெயர் அது.

இந்தப் பேச்சை நம் பாஷையில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நம்ம செகண்ட் பேஸ்காரனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கன்ட்ரோல் பாக்கி இருக்கு. இப்பவே தள்ளிவிட்டா ரெண்டு நல்ல பிட்சர் பசங்க கிடைப்பாங்க. அடுத்த வருஷம் வரைக்கும் வெச்சிருந்தா ஒருத்தன்கூடத் தேறமாட்டான்." பேசுகிறவர் முதலாளி இல்லை, ரசிகர். பல சமயம் அதே செகண்ட் பேஸ்காரரின் பெயர் போட்ட சட்டையை அணிந்துகொண்டுதான் பேசிக்கொண்டிருப்பார்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மேஜர் லீக்கில் ஒரு வீரர் அணி மாற முக்கியமாக இரண்டு வழிகள். ஆறு வருட சர்வீஸ் முடிந்து ஒப்பந்தமும் தீர்ந்துவிட்டால் அவர் ஃப்ரீ ஏஜென்ட். விரும்பும் அணியோடு பேரம் பேசிக் கையெழுத்துப் போடலாம். அதற்கு முன்போ, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதோ, அணி நிர்வாகம் அவரை 'ட்ரேட்' செய்யலாம். அதாவது இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு ஒன்றிரண்டு ஆட்களை வாங்கிக்கொள்ளலாம். பொதுவாக இதற்கு வீரரின் சம்மதம் தேவையில்லை. நம் ஐபிஎல்லில்கூட ட்ரேட் என்றால் வீரர் ஒப்புக்கொள்ள வேண்டும். மேஜர் லீக்கில் தகவல் சொன்னால் போதும்.

கேள்வி இதுதான். ஒரு மனிதனை, அவனைக் கேட்காமல், இன்னொரு மனிதனுக்கு ஈடாகக் கொடுப்பது சரியா? அவன் வாங்கும் சம்பளம் பெரிதாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாமல் போய்விடுமா?

இதைக் கேட்டு, அதற்கான விலையையும் கொடுத்தவர் கர்ட் ஃப்ளட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் பன்னிரண்டு சீசன் ஆடியவர். சென்டர் ஃபீல்டில் ஏழு முறை கோல்ட் க்ளவ் விருது வாங்கியவர். 1964, 1967 இரண்டு வருடமும் அணி வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தபோது அதில் இருந்தவர். 1969 அக்டோபரில் கார்டினல்ஸ் நிர்வாகம் அவரையும் இன்னும் சிலரையும் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸுக்குக் கொடுத்து, டிக் ஆலன் உள்ளிட்ட சிலரை வாங்கிக்கொண்டது. ஃப்ளட்டின் அப்போதைய சம்பளம் 90,000 டாலர். ஃபிலடெல்ஃபியா ஒரு லட்சம் தரத் தயாராக இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி அவர் பேஸ்பால் கமிஷனர் போவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்து இல்லை என்பது அதன் சாரம்.

அன்றைக்கு ஃப்ரீ ஏஜென்ட் என்ற வழியே கிடையாது. எல்லா ஒப்பந்தத்திலும் 'ரிசர்வ் கிளாஸ்' என்று ஒரு விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்தால், வீரர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், அணி அதை இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே விதி இருக்கும் என்பது முதலாளிகளின் வாதம். புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது சட்டென்று புரியும்: நிற்கும் நிபந்தனை இல்லாத ரிகர்ஷன்.

ஃப்ளட் வழக்குப் போட்டார். 1970 சீசன் முழுவதும் ஆடவில்லை. விசாரணையில் அவருக்காக ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர்கூட நீதிமன்றப் பக்கம் வரவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று 1922இல் சொல்லப்பட்டதுதான் அடிப்படை. அது பொருத்தமில்லாத ஒரு விலக்கு என்று பெரும்பான்மைத் தீர்ப்பே ஒப்புக்கொண்டது. ஆனால் அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைகழுவிவிட்டது. ஃப்ளட் 1971இல் வாஷிங்டனுக்காகப் பதிமூன்று ஆட்டம் ஆடியதோடு சரி.

நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்ற பொருளில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் சொன்னதைப் பலரால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு கறுப்பின மனிதர், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு இரண்டு வருடம்கூட முழுதாக முடியாத நேரத்தில், அந்தச் சொல்லைச் சும்மா எடுத்திருக்க மாட்டார். அடிமைகள் பட்ட கொடுமையும் தன் நிலைமையும் ஒன்று என்று அவர் சொல்லவில்லை. இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒரே ஒரு அம்சத்தைத்தான் காட்டினார். எங்கே போய் வேலை செய்வது என்ற முடிவில் அவருடைய வாய்க்கு இடமே இல்லை.

இமானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் ஒரு பிரிவினை செய்கிறார். எதற்கு ஈடாக வேறொன்றை வைக்க முடியுமோ அதற்கு விலை உண்டு. எதற்கு ஈடே கிடையாதோ அதற்கு மாண்பு உண்டு. மனிதன் இரண்டாவது வகை. மேலோட்டமாகப் பார்த்தால் ட்ரேட் என்பதே கான்ட்டுக்கு நேர் எதிரான செயல்: இந்த ஆளுக்கு அந்த இருவர் ஈடு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது.

ஆனால் கான்ட் அங்கேயே இன்னொன்றும் சொல்கிறார். வேலையில் காட்டும் திறமைக்கும் உழைப்புக்கும் சந்தை விலை உண்டு என்கிறார். ஆகவே சம்பளம் பேசுவது தவறில்லை. ஹுவான் சோட்டோ 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸோடு பதினைந்து வருடத்துக்கு 765 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டபோது விலை பேசப்பட்டது அவர் மட்டை வீசும் திறமைக்கு. பேசியதும் அவரே. அதில் மாண்புக்கு ஒரு குறையும் இல்லை.

ட்ரேடிலும் கைமாறுவது ஆள் இல்லை, ஒப்பந்தம்தான் என்று வக்கீல்கள் சொல்வார்கள். சட்டப்படி சரி. ஆனால் ஒப்பந்தப் பத்திரம் சென்டர் ஃபீல்டில் நின்று பந்து பிடிக்காது. பத்திரத்தோடு உடம்பும் போக வேண்டும். உடம்போடு மனைவி, பிள்ளைகள், பள்ளிக்கூடம், வீடு எல்லாம் போக வேண்டும், அல்லது பிரிய வேண்டும். ஹாரி சிட்டி என்று ஒரு கேட்சர் இருந்தார். 1962இல் க்ளீவ்லாண்ட் அணி அவரை மெட்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு யார் என்பதைப் பிறகு சொல்கிறோம் என்று ஏற்பாடு. சில வாரம் கழித்து மெட்ஸ் பதிலுக்கு அனுப்பிய ஆள், ஹாரி சிட்டி! அவருக்கு ஈடாக அவரே. பேஸ்பாலில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் பத்திரங்களின் கணக்கில் மனிதன் எப்படிக் காணாமல் போகிறான் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இந்த மொழி புதிதல்ல. அங்கே மனிதர்கள் 'ரிசோர்ஸ்'. ஒரு ப்ராஜெக்டிலிருந்து 'ரிலீஸ்' ஆவார்கள், 'பெஞ்ச்'சில் இருப்பார்கள். "ரெண்டு சீனியருக்கு பதிலா நாலு ஃப்ரெஷர் தரோம்" என்று மீட்டிங்கில் சர்வசாதாரணமாகப் பேசுவார்கள். ஒரே ஒரு வித்தியாசம், பெரிய வித்தியாசம்: பிடிக்காவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, நோட்டீஸ் காலம் முடிந்ததும் எதிர்க் கம்பெனியில் சேரலாம். ட்ரேட் செய்யப்பட்ட வீரருக்கு அது முடியாது. ஆட்டத்தையே விடுவது ஒன்றுதான் அவருடைய ராஜினாமா. ஃப்ளட் அதைத்தான் செய்தார்.

"கோடி கோடியா வாங்கறானே, போகட்டுமே, என்ன குறைஞ்சுபோச்சு?" என்பது வழக்கமான பதில். இதில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. ட்ரேடில் ஒரு பெரிய பெயருக்குப் பதிலாகப் போகிறவர்கள் பெரும்பாலும் மைனர் லீக் பையன்கள். அதன் உச்சப் படியான ட்ரிபிள்-ஏவில் 2023இல் ஒப்புக்கொள்ளப்பட்ட குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர். அவர்களில் பலர் மேஜர் லீக் மைதானத்தில் ஒரு நாள்கூட ஆடப்போவதில்லை.

தகவலை விட்டாலும் வாதமே தவறு. குளிர்காலத்தில் நடப்பது நம் கண்ணில் படாது. 2015 ஜூலை 29ஆம் தேதி, சீசன் நடுவே, ஒருமுறை பட்டது. மெட்ஸ் அணியின் வில்மர் ஃப்ளோரஸ் ஆடிக்கொண்டிருந்தபோதே அவரை ட்ரேட் செய்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. ரசிகர்கள் ஃபோனில் பார்த்துவிட்டார்கள், எழுந்து நின்று கைதட்டினார்கள். வெனிசுவேலாவிலிருந்து பதினாறு வயதில் அந்த அணியில் சேர்ந்தவர். மைதானத்தின் நடுவில் நின்று அழுதார். பேரம் கடைசி நேரத்தில் முறிந்ததால் அங்கேயே இருந்தார். இரண்டு நாள் கழித்துப் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து அணியை ஜெயிக்க வைத்தார். அந்தக் கண்ணீரைச் சம்பளச் சீட்டைக் காட்டித் துடைக்க முடியுமா? காசு ஒரு நஷ்டத்துக்கு ஈடாகலாம். கேட்காமல் விட்டதற்கு அது ஈடாகாது. அது வேறு கணக்கு.

இங்கே ஒரு பொருளியலாளரின் வாதத்தைப் பார்த்துவிட வேண்டும். சைமன் ராட்டன்பர்க் 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். ரிசர்வ் கிளாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீரர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்றார். ஒரு வீரரால் அதிக லாபம் பெறும் அணியே அவருக்கு அதிக விலை தரும். சுதந்திரம் இருந்தால் காசு வீரருக்கு, இல்லாவிட்டால் பழைய முதலாளிக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்குச் சரியான ஜோடி வரலாற்றிலேயே இருக்கிறது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1919 டிசம்பரில் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றது. 2001 டிசம்பரில் ஓக்லாண்டின் ஜேசன் ஜியாம்பி ஃப்ரீ ஏஜென்டாக, ஏழு வருடத்துக்கு 120 மில்லியன் பேசி, அதே யாங்கீஸுக்குப் போனார். இருவரும் போய்ச் சேர்ந்த ஊர் ஒன்றுதான். ரூத்தை விற்ற காசு முழுவதையும் ரூத்திடமே கொடுத்திருந்தால்? அப்போதும் ஒன்று மிச்சம் இருக்கும். ரூத் அனுப்பப்பட்டார். ஜியாம்பி போனார்.

இந்த மிச்சம் என்ன என்பதை ஜியாம்பி மறுபடி ஓக்லாண்ட் வந்தபோது கிடைத்த வரவேற்பு சொல்கிறது. கூச்சல் போட்டார்கள். விட்டுப் போனவன் என்று திட்டினார்கள். யாரைத் திட்டுவோம்? முடிவெடுத்தவனைத்தான். ரூத்தை அப்படித் திட்டுவதில் அர்த்தமே இல்லை, அவர் எதையும் முடிவு செய்யவில்லை. சுதந்திரம் என்றால் நல்லது மட்டும் கிடைக்கும் என்று இல்லை, பழியும் நம் பெயருக்கு வரும். தன் வாழ்க்கையில் நடந்ததற்குத் தான் பதில் சொல்லக்கூடியவனாக இருப்பது மனிதனாக இருப்பதில் ஒரு பகுதி. சம்மதம் கேட்காதபோது பறிபோவது அதுதான்.

இதை ஏற்றுக்கொண்டால் ரசிகர்களின் ஒரு வழக்கம் இடிக்கிறது. வீரர் தானாகப் போனால் துரோகம். நிர்வாகம் அவரை அனுப்பினால் சாமர்த்தியம். விசுவாசம் என்பது கடன் என்றால் அது இரு பக்கமும் இருக்க வேண்டும். 2018இல் எம்விபி விருதும் வேர்ல்ட் சீரிஸும் வாங்கித் தந்த மூக்கி பெட்ஸை, 2020 பிப்ரவரியில், ஃப்ரீ ஏஜென்ட் ஆக ஒரு வருடம் இருக்கும்போது, ரெட் சாக்ஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தது. "சும்மா போறதுக்கு ஏதாவது கிடைச்சா லாபம்தானே" என்றார்கள். சும்மாவா? ஒரு வருட ஆட்டத்தையும், பிரிவதற்குமுன் ஊரும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அவகாசத்தையும் பூஜ்யம் என்று வைத்தால்தான் அந்தக் கணக்கு வரும்.

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அன்றைய ஓக்லாண்ட் மாதிரி சின்ன பட்ஜெட் அணிகள் பணக்கார அணிகளோடு மோத முடிவதே, ஒருவரைக் கொடுத்து இருவரை வாங்கும் இந்தச் சந்தையால்தான். எல்லோருக்கும் மறுக்கும் உரிமை கொடுத்தால் யாருமே தோற்கும் அணிக்குப் போக மாட்டார்கள். பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகள் பார்க்க என்ன ஆட்டம் இருக்கும்? ஆகவே ட்ரேடையே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் பேஸ்பாலே பாதி வழி வந்துவிட்டது. 1973இல் வீரர் சங்கம் ஒரு விதியை வாங்கியது. பத்து வருடம் மேஜர் லீக்கில், அதில் கடைசி ஐந்து ஒரே அணியில் என்றால், அவர் சம்மதமின்றி ட்ரேட் கூடாது. ஃப்ளட் ஆடிய காலத்தில் இது இருந்திருந்தால் அவர் வழக்கே போட்டிருக்க வேண்டாம். 1975இல் ரிசர்வ் கிளாஸை உடைத்த இருவரில் ஒருவரான ஆன்டி மெஸர்ஸ்மித்தும் முதலில் கேட்டது, தன்னை ட்ரேட் செய்யக்கூடாது என்ற உறுதியைத்தான். டாட்ஜர்ஸ் தர மறுத்தது.

இந்த விதியில் ஐந்து என்ற எண்ணுக்கு அறம் சார்ந்த காரணம் இருக்கிறது. ஒரு ஊரில் ஐந்து வருடம் இருந்தவனுக்கு அங்கே வேர் பிடித்திருக்கும். பத்து என்பதற்கு அப்படி எதுவும் இல்லை, அது வெறும் சீனியாரிட்டி. பெரும்பாலான வீரர்கள் பத்து வருடத்தைத் தொடுவதே இல்லை. பத்தை எடுத்துவிட்டு ஐந்தை மட்டும் வைத்தால் என்ன? சந்தை நின்றுவிடாது. இளைஞர்களைக் கைமாற்றுவது தொடரும், அந்தக் குறை இருக்கத்தான் செய்யும். ஆனால் பெட்ஸ் போன்றவரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும். அவர் சரி என்றே சொல்லியிருக்கலாம். டாட்ஜர்ஸில் சேர்ந்த சில மாதத்தில் அங்கேயே பன்னிரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்தான். ஆனால் அது அவர் சொன்ன சரியாக இருந்திருக்கும்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நோலன் அரெனாடோவின் ஒப்பந்தத்தில் ட்ரேடை மறுக்கும் உரிமை உண்டு. 2021இல் கொலராடோ அவரை செயின்ட் லூயிஸுக்கு அனுப்ப விரும்பியபோது சரி என்றார், போனார். 2024 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் அவரை ஹூஸ்டனுக்கு அனுப்ப விரும்பியது. யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார். பேரம் அத்தோடு நின்றது. 2025இல் கார்டினல்ஸ் சட்டையிலேயே ஆடினார். சந்தை இடிந்துவிழவில்லை. கர்ட் ஃப்ளட் சென்டர் ஃபீல்டில் நின்ற அதே அணியில், ஐம்பத்தைந்து வருடம் கழித்து, ஒரு வீரரிடம் கேட்டார்கள், அவர் பதில் சொன்னார்.