மாமையும் முகப்பூச்சும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழி 4-ஆம் பத்தின் 8-ஆம் திருவாய்மொழியில் நம்மாழ்வார், பராங்குச நாயகியாய் நின்று, எம்பெருமான் விரும்பாத உடைமைகள் தமக்கும் வேண்டா என்று ஒவ்வொன்றாக உதறுகிறார். மேனி நிறம், நெஞ்சு, நிறைவு, அறிவு, வளை, மேகலை என்று தொடர்ந்து, முடிவில் உடம்பும் உயிரும்கூட வேண்டா என்கிறார். இவ்வரிசையில் முதலில் நிற்பது நிறம். அந்நிறத்துக்கு ஆழ்வார் இடும் பெயர் மாமை.

மாமையாவது மாந்தளிர் போன்ற நிறம். கருமை என்றும் அச்சொல்லுக்குப் பொருளுண்டு. தமிழ் அகமரபில் பெண்ணின் மேனியழகு அதுவே. தலைவனைப் பிரிந்தவளின் மேனி அம்மாமையை இழந்து வெளிறும். அதனைப் பசலை என்பர். ஆக, மேனி வெளிறுதல் நம் பெரியோர்க்குப் பிரிவுநோயின் அடையாளமாயிருந்தது.

காலம் இதனைத் தலைகீழாக்கிற்று. 1975-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு இந்தியச் சந்தைக்கு வந்தது. நிறம் வெளுத்தால் வேலையும் வரனும் கிட்டும் என்று இத்தகைய பூச்சுகளின் விளம்பரங்கள் பல்லாண்டுகள் கற்பித்தன. 2020-இல் ‘ஃபேர்’ என்னும் சொல் அப்பெயரிலிருந்து நீக்கப்பட்டது. நம் இல்லங்களிலிருந்து அவ்வெண்ணம் நீங்கிற்றா? காலையில் கார்முகில் வண்ணனைப் பாடிய வாயாலேயே, மாலையில் வரன் பேசும்போது ‘பெண் நிறம் சற்று மட்டு’ என்கிறோம். அதைக் கேட்டு நிற்கும் பெண்ணின் நெஞ்சு என்ன பாடுபடும்! எம்பெருமானுக்கு ஏற்றமான நிறம் அவன் அடியாளுக்குக் குறையாவது எங்ஙனே?

அப்படியாகில், உடம்பைக் குறித்து மனிதர் கண்டுபிடித்தவை யாவும் தள்ளத்தக்கனவோ என்னில், அன்று. 1949-இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி என்னும் கண்மருத்துவர், புரையுற்ற கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதலாகப் பொருத்தினார். உலகப்போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சிதறல்கள் விமானிகளின் கண்ணில் தைத்தும் அழற்சி உண்டாக்காததைக் கண்டு, அவர் அறிந்த வழி இது. இன்று எத்தனையோ முதிய பாகவதர்கள் அத்தகைய வில்லையின் வழியே பெருமாள் திருமேனியைச் சேவிக்கிறார்கள்.

இரண்டும் மனிதர் கண்டவையே. வாசி எங்கே? ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் சரீரத்துக்கு இட்ட இலக்கணம் அதனைக் காட்டும். ஒரு சேதநன் தன் பயனுக்காகத் தாங்கவும் நியமிக்கவும் தக்கதாய், அவனுக்கே சேஷமாயிருக்கும் திரவியம் அவனுக்குச் சரீரம். அவ்வண்ணமே நாமும் எம்பெருமானுக்குச் சரீரம். உடையவனான அவனுடைய உகப்புக்காகச் செய்வது கைங்கர்யத்தில் சேரும். ஊரார் பழிப்புக்கு அஞ்சிச் செய்வதோ, அவன் உடைமையை ஊரார்க்கு எழுதிக் கொடுப்பதாகும்.

அலங்காரம் குற்றமன்று. திருப்பாவையின் 2-ஆம் பாசுரத்தில் மையும் மலரும் விலக்கிய ஆண்டாளே, 27-ஆம் பாசுரத்தில் அணிகலன்களும் ஆடையும் அணிய விழைகிறாள். விலக்கியது அவனைப் பெறுவதற்காக. விழைந்தது அவனைப் பெற்ற மகிழ்ச்சியால். இரண்டிலும் அவள் நோக்கு அவன்மேலேயே நிற்கிறது.

ஆதலால், இனி ஒரு குழந்தையின் நிறத்தைக் குறைசொல்ல நாவெழும்போது, நாம் நாடோறும் சேவிக்கும் திருமேனியின் நிறத்தை நினைப்போமாக. அக்குழந்தைக்கும் அதனையே சொல்லி வளர்ப்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.