உள்ளே கட்டிய கோயிலுக்கு யார் சாட்சி?

ஒரு மனிதரைப் பற்றி இன்னொருவர் எதை உறுதியாக எழுத முடியும்? கலைக்களஞ்சியத்துக்கு எழுதும் எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. உயிரோடு இருப்பவரின் வாழ்க்கையை எழுதும்போது அது இன்னும் கடுமையாகிறது. அவர் திருநர் என்றால் முதல் வாக்கியத்திலேயே வந்து நிற்கிறது.

நான் பாடியில் வசிப்பவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சம்பந்தர் பதிகம் பெற்ற திருவலிதாயம் எங்கள் ஊர்க் கோயில். வாரம் ஒருநாள் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். மற்ற நாட்களில் தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுதுகிறேன். இப்போது கையில் இருப்பது ஜீ இமான் செம்மலரைப் பற்றிய கட்டுரை. அவர் ஆவணப்பட இயக்குநர், நாடகக் கலைஞர், திருநம்பி. திருநம்பிகளின் வாழ்க்கையைச் சொல்லும் ‘கல்வெட்டுகள்’ ஆவணப்படத்தை எடுத்தவர். லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி ஆகியோருடன் சேர்ந்து 2014இல் சென்னையில் ‘பன்மை’ நாடகக் குழுவைத் தொடங்கியவர். இவற்றை எழுதுவதில் சிக்கல் இல்லை. படம் இருக்கிறது, மேடையேறிய நாடகம் இருக்கிறது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கல் வேறொரு வரியில் வருகிறது. இப்படிப்பட்டவர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் வழக்கமாக எழுதுவது: ‘பெண்ணாகப் பிறந்து ஆணாக மாறியவர்.’ படிக்க நடுநிலையான வரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அதில் சாட்சியில்லாத ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. குழந்தை பிறந்த அன்று பிரசவம் பார்த்தவர் உடலைப் பார்த்தார், பதிவேட்டில் எழுதினார். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவசியப்பட்டால் ‘பிறந்தபோது பெண் எனப் பதியப்பட்டார்’ என்று எழுதலாம். அதற்கு ஆவணம் உண்டு. அந்தக் குழந்தை பெண்ணாகவே இருந்து, பின்னால் ஒருநாள் ஆணாக மாறியது என்பதை யார் கண்டார்கள்? ‘இவர்’ என்று மரியாதையாக எல்லோரையும் குறிக்கத் தமிழில் வழி இருப்பதால், ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு உள்ள ‘அவனா அவளா’ சண்டை நமக்குப் பெரிதாக இல்லை. நம் சண்டை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எதை எப்படி அறிகிறோம் என்பதைச் சித்தாந்தம் அளவை என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை அளவையில்தான் தொடங்குகிறார். காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் காண்டலை அவர் நான்காகப் பிரிக்கிறார்: வாயிற் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. உயிர் தன் இன்ப துன்பங்களைத் தானே நேரடியாக உணர்வது தன்வேதனைக் காட்சி. என் தலைவலியை டாக்டர் ஊகிக்கலாம், என் மனைவி முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நேரே அறிபவன் நான் மட்டும். அருணந்தியார் திருநரைப் பற்றி எழுதவில்லை, இது நான் நீட்டிச் சொல்வது. தான் ஆணா பெண்ணா, இரண்டிலும் அடங்காதவரா என்ற அறிவு இந்த வகைக்கு மிக நெருங்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த இடத்தில் முதல் சாட்சி அவரவரே.

அந்தச் சாட்சியைத் தேடிப் போன கதை ஒன்று எங்கள் பக்கத்திலேயே உண்டு. கொரட்டூரில் ரயில் ஏறினால் ஆவடி தாண்டித் திருநின்றவூர் வரும். பூசலார் நாயனாரின் ஊர். கையில் பொருளில்லாத அவர் மனத்துக்குள்ளேயே அடித்தளம் போட்டு, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் காடவர் கோமான் தான் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். நின்றவூரில் அன்பன் எடுத்த ஆலயத்துக்கு நாளை போகிறோம், உன் விழாவைத் தள்ளி வை என்று இறைவன் அவன் கனவில் சொன்னார். அரசன் நின்றவூருக்கு வந்து விசாரித்தால், அப்படியொரு கோயில் இங்கே இல்லை என்றார்கள் ஊரார். அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். அரசன் அதோடு திரும்பிவிடாமல் பூசலாரையே தேடிப் போய்க் கேட்டான்.

இதை எழுதிய சேக்கிழாரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், குன்றத்தூரில் பிறந்தவர். அறுபத்துமூவர் வாழ்க்கையைத் தொகுத்த அவர், கற்கோயிலைப் பொய்யென்று ஒதுக்கவில்லை. ஊரார் சொன்னதையும் மறைக்கவில்லை. பூசலார் கட்டியதைக் கோயில் என்றே எழுதினார். வாழ்க்கை வரலாறு எழுதுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். அவரவர் சொல்வதையெல்லாம் எழுதினால் களஞ்சியம் விளம்பரத் தாளாகிவிடாதா? நியாயமான பயம். அதனால்தான் விக்கிப்பீடியாவில் நடுநிலை நோக்கோடு மெய்யறிதன்மையும் கொள்கையாக இருக்கிறது. எனக்கு விருது கிடைத்தது, என் படம்தான் முதல் படம் என்று ஒருவர் சொன்னால், விருதும் படமும் உலகத்துக்கு முன்னால் நடந்தவை. அதற்கு உலகத்தின் சாட்சி வேண்டும். திருநரானாலும் இதில் சலுகை கிடையாது. எந்தக் கேள்விக்கு எது சாட்சி என்று பிரிப்பதுதான் அளவை. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், ஒன்றை நேரே அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவரே நம்பத் தகுந்தவர் என்கிறார். ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் பொது என்றும் சேர்த்துச் சொல்கிறார். சாட்சியின் தகுதி பிறப்பால் வருவதில்லை. 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை திருநருக்கு உண்டு, அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றது.

வகுப்பில் ஒரு பெரியவர் வேறு கோணத்தில் கேட்டார்: “உயிருக்கு ஆண் ஏது, பெண் ஏது? உடம்பு மாயையிலிருந்து வந்தது. இதற்குப் போய் ஏன் ஐயா இவ்வளவு வாதம்?” அவர் சொன்ன சித்தாந்தம் சரி. ஆனால் உயிருக்குப் பால் இல்லையென்றால், பிறப்புச் சான்றிதழில் விழுந்த எழுத்துக்கும் உயிர்மேல் அதிகாரம் இல்லை. நம் ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஆண், பெண் என்று போட்டுக்கொள்ளும்போது இந்தத் தத்துவத்தை நாம் எடுப்பதில்லை. திருநர் ஒருவர் வந்து நிற்கும்போது மட்டும் அதை எடுப்பது தத்துவத்துக்குச் செய்யும் அநீதி.

அப்படியானால் நடுநிலை என்பது என்ன? வள்ளுவர் பன்னிரண்டாம் அதிகாரத்தில் துலாக்கோலைக் காட்டுகிறார். கோல் சமமாக நிற்பது எடை வைக்கும் முன்பு. வைத்த பிறகு கனமான தட்டு இறங்கத்தான் வேண்டும், இறங்காத கோல் பழுதான கோல். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை ஒரு பக்கமும், அவரை வெறுப்பவர்கள் சொல்வதை மறுபக்கமும் வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு இடம் கொடுத்துவிட்டு நடுநிலை என்று பெயர் வைக்கக் கூடாது.

பழைய பெயரிலும் இதே கணக்குதான். அந்தப் பெயரில் படம் வெளியாகியிருந்தால், அந்தப் படத்தைத் தேடும் வாசகருக்காக எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் மட்டும் இருந்த பெயர் யாருக்கும் தேவையில்லை. அமெரிக்க ஆவணப்பட இயக்குநரும் திருநங்கையுமான கிம்பர்லி ரீட், மொன்டானாவில் தான் படித்த பள்ளிக்குப் பழைய மாணவர் சந்திப்புக்காகத் திரும்பிப் போனதை ‘பிராடிகல் சன்ஸ்’ (2008) படத்தில் அவரே காட்டினார். ஆகவே அந்தக் கடந்த காலம் அவருடைய கட்டுரைக்குள் வரலாம். பத்தாண்டு கழித்து அவர் எடுத்த ‘டார்க் மணி’ (2018) தேர்தலில் புழங்கும் மறைமுகப் பணத்தைப் பற்றியது. பாலினத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தப் படத்துக்கு இரண்டு வரியும் அவர் உடலுக்கு இரண்டு பத்தியும் ஒதுக்கினால், ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் கட்டுரை பொய்யாகிவிடும்.

நம் பத்திரிகைகள் திருநரைப் பற்றி அதிகம் எழுதியது சித்திரையில் கூவாகம் திருவிழா வரும்போதும், ஏதாவது குற்றச் செய்தி வரும்போதும்தான். அந்தச் செய்திகளை மட்டும் ஆதாரமாக வைத்து எழுதினால் அந்தப் பார்வைதான் களஞ்சியத்துக்குள் வரும். அ. ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’, பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ எல்லாம் அச்சில் வந்த தமிழ்ப் புத்தகங்கள். எழுதுவதற்கு முன் இவற்றைப் படிப்பது சலுகை காட்டுவதாகாது, அது கடமை.

களஞ்சியத்துக்கு எழுதும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு திருநரின் வாழ்க்கையை எழுதும்போது அவர் செய்த வேலையை முதலில் எழுதுங்கள். அவர் யார் என்பதை அவர் சொன்னபடி எழுதுங்கள். மற்ற ஒவ்வொரு வரிக்கும், யார் இதற்குச் சாட்சி என்று கேளுங்கள். சாட்சி இல்லாத வரியை, எத்தனை பத்திரிகையில் வந்திருந்தாலும், நீக்கிவிடுங்கள்.