சாவியை வாங்கு, தங்கையே!

ஏற்காட்டில் காபிப் பழம் சிவந்து பறிப்பு தொடங்கிவிட்டால் தோட்டமெங்கும் பெண்கள்தான். இடுப்பில் கட்டிய பையில் பழத்தைப் பறித்துப் போடுவார்கள். பை நிறைந்ததும் சாக்கில் கொட்டி, சாக்கைத் தலைக்கு ஏற்றி, வழுக்கும் சரிவில் நடந்தே எடை போடும் இடத்துக்கு வருவார்கள். எடை போட்டு, கணக்கு எழுதி, சாக்குகள் வண்டியில் ஏறும். பிறகு டிரைவர் வந்து சாவியைத் திருகுவார். அந்த டிரைவர் மட்டும் ஆண். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகிறது. வண்டிகள் எத்தனையோ மாறிவிட்டன. முன்சீட்டில் உட்காருகிற ஆள் மாறவில்லை.

சுமையைத் தலையில் தூக்கப் பெண்ணுக்குப் பலம் உண்டு. அதே சுமை ஏறிய வண்டியை ஓட்டப் பலம் இல்லை. இது எந்த ஊர்க் கணக்கு, தங்கையே? கேள்! கேட்காமல் விட்டதால்தான் இந்தக் கணக்கு இத்தனை காலம் செல்லுபடியானது.

பலம் என்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்வோம். உலகத்திலேயே முரட்டு வண்டி எது? அமெரிக்காவில் விளையாட்டரங்கு நிறைய ஜனம் கூடிப் பார்க்கிற மான்ஸ்டர் டிரக்கைச் சொல்லலாம். எடை சுமார் 5,400 கிலோ. டயர் ஒவ்வொன்றும் ஐந்தரை அடி உயரம். பக்கத்தில் நின்றால் உன் தலையும் அதுவும் ஒரே மட்டத்தில் இருக்கும். மெத்தனாலில் ஓடும் எஞ்சினுக்குச் சுமார் 1,500 குதிரைத்திறன். பழைய கார்களை வரிசையாக நிறுத்தி அவற்றின் மேல் ஏறி மிதிக்கும், மண்மேட்டில் பாய்ந்து அந்தரத்தில் பறக்கும், தலைகுப்புறக் கவிழவும் செய்யும். (மான்ஸ்டர் ஜாம் என்கிற அந்த டிரக் போட்டிகளில் ஓடும் டயரைச் செய்து அனுப்புவது பி.கே.டி. என்கிற நம் இந்திய நிறுவனம். டயர் இங்கிருந்து போகிறது. டிரைவர் போகக் கூடாதா?)

அந்த வண்டியைத் திருப்புவது எது? ஹைட்ராலிக் ஸ்டீயரிங். பின்சக்கரங்களும் தனியாகத் திரும்பும். அதற்கு ஒரு சின்ன சுவிட்ச், விரலால் தள்ளினால் போதும். டிரைவர் நடுவில், உடம்புக்கு அளவெடுத்த சீட்டில், பல பட்டைகள் கொண்ட பெல்ட்டால் இறுகக் கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பார். தோள்பட்டை வலுவுக்கு அங்கே வேலை குறைவு. வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே எந்தச் சக்கரம் முதலில் தரையைத் தொடும் என்று கணிக்க வேண்டும். தொட்ட நொடியில் காலும் விரலும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். கேட்பது நிதானம், கண், கணிப்பு. இதில் எது பெண்ணிடம் இல்லை?

டெப்ரா மிசெலி என்றொரு பெண். மல்யுத்த மேடையில் அவர் பெயர் மதூசா. 1995இல் தன் சாம்பியன் பட்டத்துப் பெல்ட்டைத் தொலைக்காட்சி நேரலையில் குப்பைத் தொட்டியில் போட்டவரும் அவர்தான். மேடையில் பேர் வாங்கிய பிறகு, முப்பது வயதைத் தாண்டி, மான்ஸ்டர் டிரக் ஓட்டக் கற்றார். 2004இல் லாஸ் வேகாஸ் உலக இறுதிப் போட்டியின் சாகசப் பிரிவில் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். 2005இல் பந்தயப் பிரிவிலும் ஜெயித்தார். ஆண்களுக்கு எதிராகத்தான், பெண்களுக்கென்று தனிப் போட்டி எதுவும் அங்கே வைக்கவில்லை. முப்பதுக்கு மேல் என்னத்தைக் கற்றுக்கொள்வது என்று நீ பெருமூச்சு விடுவாயானால், அந்தப் பெருமூச்சைத் திரும்ப உள்ளே இழு!

“அமெரிக்காக்காரிக்குச் சரி, நமக்கு ஆகுமா?” என்பார்கள். நாகர்கோவிலைக் கேட்கச் சொல். 1993இல் தமிழ்நாடு அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் ஏறிய வசந்தகுமாரி அங்கேதான் ஓட்டினார். எடுத்த எடுப்பில் யாரும் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. திருப்பி அனுப்பினார்கள், மறுபடி போய் நின்றார். குடும்பப் பொறுப்பும் தலைக்கு மேல் இருந்தது. அந்தக் காலத்துப் பேருந்துகள் பெரும்பாலானவற்றில் பவர் ஸ்டீயரிங் என்ற பேச்சே கிடையாது; வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். அந்த வண்டியைத்தான் நெரிசல் பிடித்த நாகர்கோவில்–திருவனந்தபுரம் சாலையில் ஓட்டினார். 2017இல் ஓய்வு பெற்றார். 24 ஆண்டுகள்! பலம் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஸ்டீயரிங்கை ஒரு நாள் பிடித்துப் பார்த்துவிட்டு வரட்டும்.

அதற்குப் பிறகும் வழி அடைபடவில்லை. 2020இல் தேனி மாவட்டத்து வீரலட்சுமி 108 ஆம்புலன்ஸின் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கோட்டயம் பக்கத்து ஜலஜா ரதீஷ் குடும்ப லாரியைக் காஷ்மீர் வரைக்கும் ஓட்டிப் போனார்.

சட்டம் தடுக்கிறதா? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டிப் பார். 18 வயதில் கார் லைசென்ஸ். அதைக் கையில் வைத்து ஓராண்டு முடிந்து, வயதும் 20 ஆகிவிட்டால் கனரக வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கேட்கலாம். பயிற்சிப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும், மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். ஆணாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. அந்த வரியை எழுதி வைத்திருப்பது டீக்கடை பெஞ்சு.

இனி நம் மலைக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். லோடு ஏறிய லாரி ஒன்று வளைவின் நடுவே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள். எதிரே பேருந்து, பின்னால் பத்து வண்டி, எல்லாரும் ஹாரன். என்ன செய்வாய்? ஹேண்ட் பிரேக்கை இழு. ஃபர்ஸ்ட் கியர் போடு. கிளட்சை மெதுவாக விடு. எஞ்சின் சத்தம் கனத்துத் தாழும், வண்டியின் மூக்கு லேசாக எழும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அந்த இடத்தில் காலை அசைக்காமல் நிறுத்தி, ஆக்சிலேட்டர் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடு. வண்டி ஒரு சாண்கூடப் பின்னால் உருளாமல் மேலே ஏறும். இத்தனைக்கும் நடுவில் ஹாரன் அடிக்கிறவன் மூஞ்சியைப் பார்க்காதே. பார்த்தால் கால் நடுங்கும், கால் நடுங்கினால் எஞ்சின் அணையும். ஒதுங்க இடமில்லாத மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்பது சாலை விதி. இறங்கி வருகிறவன்தான் காத்திருக்க வேண்டும். காத்திருக்கட்டும்!

இறங்கும்போது? ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டவன் பாதி மலையில் பிரேக் லைனிங் கருகும் நாற்றத்தை முகர்ந்திருப்பான். அதற்குப் பிறகு பெடலை மிதித்தால் பிடிக்காது. வீரம் காட்டுகிறவனை மலை கவிழ்க்கும். கியரைப் பிடித்துப் பொறுமையாக இறங்குகிறவள் வீடு போய்ச் சேருவாள். தன்னம்பிக்கை நெஞ்சைத் தட்டிக்கொள்வதால் வருகிற சரக்கு இல்லை, தங்கையே. நூறு முறை ஹாஃப் கிளட்சில் நின்ற காலில் இருக்கிறது அது. தைரியம் வந்த பிறகு பழகலாம் என்று உட்கார்ந்திருந்தால் கிழவியாகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பயத்தோடேயே பழகு.

இந்தப் பாதையில் பூ தூவியிருக்கிறது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. லாரி நிற்கும் இடங்களில் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இருப்பதில்லை. இரவில் படுக்கப் பத்திரமான இடமும் கிடைப்பதில்லை. கேலி இருக்கிறது. முதல் டயர் பஞ்சரில் “நாங்கதான் சொன்னோமே” என்று நாலு பேர் வருவார்கள். அவர்கள் வண்டியும் பஞ்சர் ஆகும் என்பது அப்போது அவர்களுக்கு ஞாபகம் வராது. கழிப்பறை இல்லாதது உன் குறை இல்லை. அதை உரக்கக் கேள், கேட்டுக்கொண்டே ஓட்டு. எல்லாம் கட்டி முடித்துவிட்டு யாரும் உன்னை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போவதில்லை. நீ போய் நின்றால்தான் கட்டுவார்கள்.

கடைசியாக, லாரி வைத்திருக்கும் அப்பாக்களுக்கு. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் டிரைவர் கிடைக்கவில்லை, வண்டி சும்மா நிற்கிறது என்று நீங்கள் புலம்பாத நாள் உண்டா? ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளிகளும் அதையே சொல்கிறார்கள். வாடகைக் கணக்கு, டயர் கணக்கு, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் உங்கள் மகளுக்கு அத்துபடி. வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று போன் போட்டுக் கேட்பவளும் அவள்தான். அப்புறம் வெளியில் எங்கே ஆள் தேடுகிறீர்கள்? வருகிற ஞாயிற்றுக்கிழமை லோடு இறக்கிய வண்டியை ஒரு காலி மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் இடது பக்கம் கிளீனர் சீட்டில் ஏறி உட்காருங்கள். அவள் கிளட்சை விடும்போது வண்டி குதிக்கும், எஞ்சின் அணையும். கத்தாதீர்கள். உங்களுக்கும் முதல் நாள் அணைந்ததுதானே? மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.