மஞ்சள் கோடு

விற்றுவிட்ட காருக்கு ஒரு மெசேஜ் வந்தது. முன்சீட் பெல்ட் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தைப் பரிசோதிக்க வேண்டியிருக்கிறது, அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுவரவும், கட்டணம் கிடையாது என்று. வண்டி எண் என்னுடையதுதான். அதாவது, நான்கு மாதம் முன்புவரை என்னுடையது. ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டது. கம்பெனிக் கணக்கில் என் செல்போன் எண் மாறவில்லை.

வாங்கியவர் எங்கள் சிங்கப்பெருமாள் கோவிலிலேயே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் லீடர். என்னைவிட மூத்தவர், 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். வண்டி பார்க்க வந்த அன்று மகளையும் கூட்டிவந்திருந்தார். ஆறாவது படிக்கிற பிள்ளை. அப்பா பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். "ஒரு குறையும் இல்லாத வண்டிண்ணே" என்றேன். அன்றைக்கு அது பொய் இல்லை.

மெசேஜைப் படித்துவிட்டு நான் அவருக்கு போன் செய்யவில்லை. பதினோரு நாள் செய்யவில்லை.

அந்த நாட்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் மூன்று. ஒன்று, தப்பு என்னுடையது இல்லை, வண்டியைச் செய்தவன் சொல்லட்டும். இரண்டு, பரிசோதிக்க வேண்டும் என்றுதானே சொல்கிறார்கள், கெட்டுப்போய்விட்டது என்று சொல்லவில்லையே. மூன்றாவதை யாரிடமும் சொல்ல முடியாது. தெரிந்தேதான் தலையில் கட்டிவிட்டான் என்று அவர் நினைத்துவிட்டால்? காசைத் திருப்பிக் கேட்டால்? யோசித்துப் பார்த்தால் முதல் இரண்டும் இந்த மூன்றாவதற்கு நான் மாட்டிவிட்ட சட்டைகள்தான்.

ஆனாலும் இரண்டாவது காரணத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ரீகால் அறிவிப்புகள் எல்லாமே 'லாம்' போட்டுத்தான் பேசும். 2022 செப்டம்பரில் மாருதி சுசுகி தன் 'சூப்பர் கேரி' சரக்கு வண்டிகளில் 5,002 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் பெல்ட் பக்கிளைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம், நாளடைவில் தளரலாம் என்றது காரணம். அதே டிசம்பரில் ஐந்து மாடல்களில் 9,125 கார்கள், முன்சீட் பெல்ட்டின் தோள் உயரத்தைச் சரிசெய்யும் பாகத்துக்காக. 2023 ஜனவரியில் 11,177 'கிராண்ட் விடாரா' கார்கள், பின்சீட் பெல்ட் பிராக்கெட்டுக்காக. இதில் எதுவும் என் வண்டி இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் சேதி ஒன்றுதான். ஒன்றும் நடக்கவில்லை, நடக்கலாம்.

அந்த 2022 செப்டம்பர் 4ஆம் தேதிதான் பால்கர் அருகே நடந்த விபத்தில் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். நாடு முழுக்க ஒரே பேச்சு, பெல்ட் போடுங்கள், பின்னால் உட்கார்ந்தாலும் போடுங்கள். அதே மாதம், ஒழுங்காக பெல்ட் போடுகிற ஐயாயிரம் வண்டிக்காரர்களிடம் 'உங்கள் போல்ட்டை ஒருமுறை காட்டுங்கள்' என்று ஒரு கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது. பெல்ட் போடாதவனுக்குத் தன் ஆபத்து தெரியும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருக்கிறது. தளர்ந்த போல்ட்டை நம்பி பெல்ட் போடுகிறவனுக்கு அந்த வழி கிடையாது. இன்னொருவர் வாய் திறந்தால்தான் உண்டு.

பெல்ட் என்கிற பொருளின் தன்மையே அப்படி. பிரேக் கெட்டால் காலுக்குத் தெரிந்துவிடும். பெல்ட் ஆயிரம் நாள் சும்மா தொங்கும், ஒரு நொடி வேலை செய்யும். அந்த நொடிவரை நல்ல பெல்ட்டும் கெட்ட பெல்ட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

தத்துவத்தில் இதற்குப் பக்கத்தில் ஒரு பழைய விவாதம் உண்டு. பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் இருவரும் 1976இல் தொடங்கி வைத்த 'ஒழுக்க அதிர்ஷ்டம்' பற்றிய விவாதம். நேகல் ஒரு லாரி ஓட்டுநரைக் கற்பனை செய்யச் சொல்கிறார். பிரேக்கைப் பரிசோதிக்காமல் அலட்சியமாக விட்டவர். ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால் அவர் ஓர் உயிரைக் கொன்றவர். யாரும் குறுக்கே வராவிட்டால் அதே ஆள், அதே அலட்சியம், நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். நாம் முதலாமவரைத்தான் குற்றவாளி என்கிறோம். ரீகால் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை. குழந்தை குறுக்கே வருமா வராதா என்று காத்திருக்காமல், பிரேக்கைப் பார்க்காதது வரைக்குமே ஒரு தவறுதான் என்கிறது.

நம்மிடம் இருக்கிற மிகப் பெரிய நீதிக் கதையே ஒரு வாகன விபத்துதான். மனுநீதிச் சோழனின் மகன் ஏறிவந்த தேர்க்காலில் கன்று சிக்கியது. பசு மணியடித்தது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்தச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. ஆனால் அது கன்று செத்த பிறகு தொடங்குகிற நீதி. சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிறதே என்று தேரை முந்தின நாளே பட்டறைக்குத் திருப்பிய சாரதி ஒருவன் இருந்திருந்தால் கதையே கிடையாது. அவனுக்குச் சிலையும் கிடையாது. நடக்காத விபத்துக்கு யாரும் மணியடிப்பதில்லை.

அதனால்தான் மௌனம் இவ்வளவு சுலபமாக இருக்கிறது. 1985க்கும் 1991க்கும் இடையே டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த சீட் பெல்ட்களில், அழுத்தினால் விடுபடும் சிவப்புப் பொத்தானின் பிளாஸ்டிக், வெயில் பட்டுப் பட்டு நொறுங்கியது. துணுக்குகள் பக்கிளுக்குள் விழுந்து, மாட்டியது மாட்டாமலும் விடுவது விடாமலும் போனது. அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டது 1995இல். 1990லேயே தெரிந்தும் அரசுக்குச் சொல்லவில்லை என்று டகாட்டாவுக்கும் ஹோண்டாவுக்கும் தலா 50,000 டாலர் அபராதம். இந்த வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் முன்பு எனக்குக் கோபம் வரும். பதினோரு நாளுக்குப் பிறகு கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. அங்கே யாரும் கொலைகாரர்கள் இல்லை, 'அடுத்த மீட்டிங்கில் பார்த்துக்கலாம்' என்று சொன்னவர்கள்தான் இருந்திருப்பார்கள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் நாட்டிலும் இப்போது சட்டம் இருக்கிறது. 2012இலிருந்து கம்பெனிகள் தாங்களாகவே அழைத்துக்கொண்டிருந்தார்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம், ஒரு கோடி ரூபாய்வரை அபராதம் போடலாம். ஆனால் இந்தச் சட்டம் செய்தவனைத்தான் பேச வைக்கும். நடுவில் நிற்கிற என்னைப் போன்றவனை எந்தப் பிரிவும் தொடாது. நான் செய்யவில்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' போதும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்குப் பதினோரு நாள் ஆனது. அவருக்கு அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான் என்றால், பொறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் அர்த்தமில்லை. அது என் இன்பாக்ஸுக்கு வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஒரகடம் ரோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் சேரும் இடத்தில் போய் நின்றேன். கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. அண்ணன் இறங்கியதும் மெசேஜைக் காட்டினேன். படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது எப்ப வந்துச்சு தம்பி?"

இப்பத்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "பதினோரு நாள் ஆச்சுண்ணே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாப்பா தினமும் அந்த சீட்லதான் ஸ்கூலுக்குப் போவுது" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த சனிக்கிழமை இருவருமே வண்டியைக் கொண்டுபோனோம். மெக்கானிக் கவரைக் கழற்றிக் காட்டினார். போல்ட் தலையிலிருந்து பிராக்கெட்வரை ஒரு மஞ்சள் கோடு. டார்க் ரெஞ்சை வைத்து முறுக்கினார். நகரவில்லை. 'டக்' என்று சத்தம் மட்டும் வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நேகலின் ஓட்டுநரைப் போல நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

திரும்பும் வழியில் அந்த மஞ்சள் கோடு என்ன என்று கேட்டேன்.

"இறுக்கியாச்சுன்னு அடையாளம். ரெஞ்ச் டக்குன்னு சொன்னப்புறம் மார்க்கரால இழுக்கணும். பின்னாடி போல்ட் லூசானா கோடு உடைஞ்சு தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா இறுக்காமயும் கோடு போடலாம் தம்பி. பாக்குறவனுக்குக் கோடுதான் தெரியும்" என்றார்.

என் வேலையிலும் அந்தக் கோடு இருக்கிறது. எங்களுக்கு அது பச்சை டிக். டெஸ்ட் ஓடாமலே டிக் விழுந்த இரவுகள் எனக்குத் தெரியும். எங்களுக்கு ஒரு சௌகரியம், தப்பாகப் போனால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பேட்ச் அனுப்பிவிடலாம், அதுவே போய்ச் சேர்ந்துவிடும். இரும்பு அப்படிப் போகாது. யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, இன்னொருவர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

"ஒருவாட்டி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றார் அண்ணன். "இறுக்கிட்டுக் கோடு போட்டனா, சும்மா போட்டனான்னு. லைன நிறுத்திட்டேன். முப்பது பீஸ எடுத்துத் திரும்பப் பாத்தோம். எல்லாமே கரெக்டா இருந்துச்சு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கத்துனாரு."

"மறுபடி சந்தேகம் வந்தா நிறுத்துவீங்களாண்ணே?"

அவர் பதில் சொல்வதற்குள் சிக்னல் விழுந்தது. கியரை மாற்றிக்கொண்டே, "பதினோரு நாள் யோசிக்க மாட்டேன்" என்றார்.