கடிந்துகொள்ள நாம் யார்?

தில்லியின் ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்தது மதராசி கேம்ப். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்த இடம் அது. தில்லி உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து, 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. தகுதியுடையோர் எனக் கணக்கிடப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்கள் தாமே இடம் தேட நேர்ந்தது.

இவ்வாறு இடம்பெயர்வோருடன் நீரிழிவும் இரத்த அழுத்தமும் கூடவே செல்கின்றன. பழகிய மருத்துவமனையோ தொலைவாகிவிடுகிறது. மருந்து வாங்கச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டுவேலை செய்யும் ஒரு தாய், இரு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கி நாள்களை நீட்டிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இதைச் சோம்பல் என்பது தவறு. இது ஏழையின் கணக்கு.

அத்தாயிடம் செவிலியர், ‘ஏன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை?’ என்று சினந்தால், அடுத்த முறை அவள் ‘சாப்பிட்டேன்’ என்றே சொல்வாள். அதை நம்பி மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுவார். அதை அவள் முழுமையாக உட்கொள்ளும் நாளில் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். ஒரு கடுஞ்சொல் உயிருக்கே ஊறாகும் வழி இது.

ஜீவர்களிடம் தயை காட்டுவது குறித்து 1884இல் பேச்சு எழுந்தபோது, தயை காட்ட மனிதன் யார் என்று வினவிய குருதேவர், ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்வதே முறை என்றருளினார். தயை காட்டவே உரிமையில்லை எனில், கடிந்துகொள்ள ஏது உரிமை? ‘அம்மா, வேலைக்குப் போகும் நாளில் எந்த வேளை மருந்து விட்டுப்போகிறது? இன்சுலினை எங்கே வைக்கிறீர்கள்?’ என்று கேட்பதே பூஜை. நூறு பேர் வரிசையில் நிற்கையில் இதற்கு நேரம் ஏது எனலாம். நியாயமான கேள்விதான். ஆனால் திட்டுவதற்கும் அதே நேரம் ஆகிறதே!

நோயாளிக்கும் இதில் பங்குண்டு. நீரிழிவாலும் கால் வீக்கத்தாலும் துன்புற்ற சுவாமி விவேகானந்தர், தம் இறுதிக் காலத்தில் கவிராஜர் விதித்த பத்தியத்தை ஏற்று 21 நாட்கள் நீர் அருந்தாதிருந்தார். அடிக்கடி நீர் பருகும் பழக்கமுடையவர் அவர்! இன்று அப்பத்தியத்தை எவரும் பின்பற்றலாகாது. அவரது மனவுறுதியை மட்டும் கொள்வோம். அத்தகைய உறுதியுடன் மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துவதும், விட்டுப்போன வேளைகளை ஒளிக்காமல் சொல்வதும் நோயாளியின் சாதனை.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்பானையில் ஈரமணல் இட்டு, அதனுள் சிறு பானையை அமர்த்தி, இன்சுலினை நனையாமல் மூடிவைக்கலாம். தில்லியின் வெயிலிலும் அது ஓரளவு காக்கும். பல வீடுகளில் துளசி மாடத்திற்குத் தினமும் நீர் ஊற்றுகிறார்கள். அந்நேரமே இம்மணலுக்கும் ஒரு குவளை ஊற்றலாம்.