ஒரே லயம், இரண்டு நாடு

இலங்கை வாழ்க்கை நல்லதா, இந்திய வாழ்க்கை நல்லதா என்று அம்மாவிடம் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: "எங்க போனாலும் தலையெழுத்து கூடவே வரும்." கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர் அவர். பெரியம்மா இலங்கையில் அட்டன் பக்கத்தில் அதே வேலை பார்த்தார். இருவரும் பிறந்தது இலங்கைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒரே காம்பிராவில்.

அந்த லயத்துச் சனங்களை இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு வைத்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அம்மா தலைமன்னாரில் கப்பலேறினார். பெரியம்மா அங்கேயே தங்கினார்.

சராசரி ஆயுள், எழுத்தறிவு இரண்டிலும் இலங்கை இந்தியாவுக்கு முன்னால் நிற்கிறது. பல்கலைக்கழகம் வரை இலவசப் படிப்பு என்பது சின்ன விஷயமல்ல. பெரியம்மாவின் பேரன் அதில்தான் படித்து ஏறினான். ஆனால் அந்தக் கல்வி தோட்டப் பள்ளிகளுக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. எழுபதுகளின் நடுவில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1977இலும் 1983இலும் தமிழரைத் தாக்கக் காடையர் வந்தார்கள். அம்மாவுக்கு அந்த இரவுப் பயம் இங்கே இல்லை, ஓட்டுரிமையும் உண்டு. ஆனால் அவர் குடியிருக்கும் மண் கூடலூர் ஜென்ம நில வழக்கில் சிக்கியது. பட்டா கிடையாது, அதனால் கரண்டும் வெகுநாள் கிடையாது. பெரியம்மா அங்கே தோட்டக்காட்டாள், அம்மா இங்கே சிலோன்காரி.

வள்ளுவர் 'நாடு' அதிகாரத்தில் பசியும் பிணியும் பகையும் சேராததையே நாடு என்கிறார். அந்த அளவையில் வைத்தாலும் எந்தப் பக்கம் மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஒரே தாய் வயிற்றில் பிறந்து ஒரே அடுப்பில் உண்ட இருவரின் வாழ்வு எங்கே பிரிந்தது என்று தேடிப் போனால், கையெழுத்துப் போட்ட ஒரு தாளில்தான் போய் நிற்கிறோம்.

அம்மா சொல்லும் தலையெழுத்துப்போல அந்தத் தாளும் முன்வினையின் கருவிதானே என்று எங்கள் கோயில் பெரியவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, நெடுநாள் மனதில் கிடந்தது. அப்படியானால் நாளைக்குப் பட்டா கிடைத்தாலும் அதுவும் வினையின் கருவியே. கொடுப்பது, பறிப்பது இரண்டையும் ஒன்றுபோல விளக்குகிற வினை, நான் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. துயரைத் தாங்க அது அம்மாவுக்குத் துணை நின்றது. அதற்காக அதைக் கும்பிடுகிறேன். ஆனால் துயரைக் கொடுத்தவர்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள விடமாட்டேன்.

பெரியம்மாவின் பேரன் அங்கே வீட்டுக்கு ஏழு பேர்ச் காணியும் உறுதிப்பத்திரமும் கேட்டு அலைகிறான். நான் இங்கே அடுத்த ஜமாபந்திக்குப் பட்டா கேட்டு மனு எழுதுகிறேன். கைநாட்டு வைக்கப்போவது அம்மாதான்.