கால்வாய்க் கரைக் குறிப்புகள்

ஒருகொடவத்தை என்றதும் கொழும்பில் பலருக்கும் கன்டெய்னர் லொறிதான் நினைவுக்கு வரும். பேஸ்லைன் வீதி இரைச்சல், 2021இல் திறந்த புதிய களனிப் பாலம். கால்வாயை யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்கு இந்தப் பக்கத்தில் மிகவும் பிடித்த இடம் அதன் கரைதான்.

*

நீர்க்காகங்கள். தூரத்தில் எல்லாம் ஒரே கறுப்பு. சிறகை விரித்துக் காயவைக்கும் நேரத்தில் நின்று பார்த்தால் இனம் பிரியும். அலகு குட்டையாக, தலை உருண்டையாக இருந்தால் சிறிய நீர்க்காகம். அலகு மெலிந்து நீண்டு, கண் நீலப்பச்சையாக இருந்தால் இந்திய நீர்க்காகம். கண்ணின் நிறம் தெரிய வேண்டுமென்றால் வெயில் சரியான பக்கம் விழ வேண்டும். பறவையும் முகத்தைத் திருப்ப வேண்டும். அதுவரை செய்ய வேறு வேலை இல்லை. மூச்சு தானாகவே மெதுவாகிவிடுகிறது.

*

நல்ல வழிகாட்டி பெயரை உடனே சொல்லமாட்டார். எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டுவார். நேரமும் முக்கியம். தடம் பார்க்க வடமராட்சியின் மணற்காட்டு மணல்மேடுகளுக்குக் காற்று எழுமுன் போக வேண்டும். காற்று எழுந்தால் இரவில் நடந்தவற்றின் தடமெல்லாம் அழிந்துவிடும். எங்கள் கால்வாய்ச் சேறு கொஞ்சம் பொறுமையானது. அடுத்த மழை வரை தடத்தை வைத்திருக்கும்.

கொழும்பின் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. நாயின் தடத்தில் நகம் பதியும், பூனையின் தடத்தில் பதியாது என்பார்கள். ஆனால் இந்தப் பூனையின் நகம் முழுதாக உள்ளே மடங்காது. ஈரச் சேற்றில் நகக்குறியும் விழலாம். ஆகவே தடத்தின் வட்டம், பின்மேட்டின் அகலம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்தால் அளவும் தெரியும்.

*

2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் அந்தப் படத்தை ஏற்றலாம். படம், தேதி, இடம் மூன்றும் வேண்டும். முகம் தெரியாத யாரோ பெயர் சொல்வார், இன்னொருவர் மறுப்பார். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துப்போனால் அது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத்தக்க பதிவாகிறது. மீன்பிடிப் பூனை போல ஆபத்திலிருக்கும் உயிர்களுக்குச் சரியான இடத்தை மறைத்துவிடுகிறார்கள். அந்தக் கவனம் எனக்குப் பெரிய ஆறுதல்.

*

ஆனால் ஆள் போகும் இடத்தில்தான் பதிவு சேரும். பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களுக்கு நடைபாதை உண்டு. காமராவோடு ஆட்கள் வருவார்கள். லொறித் தரிப்பிடங்களுக்குப் பின்னால் யார் வருவார்கள்? யாரும் பாராத இடம் வரைபடத்தில் உயிரே இல்லாத இடமாகத் தெரிகிறது. அப்படித் தெரியும் இடத்தை மண் கொட்டி நிரப்புவது சுலபம். இதுதான் என் கவலை.

*

இந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. 2016 மேயில் களனி ஆறு பெருகி கொலன்னாவை மூழ்கியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அடுத்த ஆண்டே கொழும்பு ராம்சர் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது.

லொறித் தரிப்பிடங்கள் இருக்கும் இடம் முன்பு எப்படி இருந்தது என்று சந்திக் கடை ஐயாவிடம் கேட்டேன். "அதெல்லாம் முந்தி சதுப்புத்தானே, தம்பி. விடியச் சாமத்திலேயே கானாங்கோழி கத்தத் தொடங்கிரும்" என்றார். எந்த வருடம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் நிலத்தை நிரப்ப வருபவர்களிடம் இதைக் காட்டினால் செல்லாது. தேதியோடு ஒரு படம் இருந்தால் செல்லும்.

*

களப் பறவையியல் குழு 1976 முதல் இந்த நாட்டில் பறவை பார்ப்பவர்களை ஒன்றுசேர்த்து வருகிறது. அப்படிச் சேர்ந்து பறவை பார்க்கும் ஒரு காலை நடை ஒருகொடவத்தையிலும் வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். கொட்டாஞ்சேனைப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவர ஓர் ஆசிரியையிடம் பேசியிருக்கிறேன். வலசைப் பறவைகள் பெருமளவில் வருமுன், செப்டம்பருக்குள் வந்தால் நல்லது. உள்ளூர்ப் பறவைகளை முதலில் பழகிக்கொள்ளலாம்.